தாய்மரம் ஊட்டியதைப் பார்த்தது யார்?

மண்ணுக்கடியில் பூஞ்சை இழைகள் இணையம்போல் பரவிக் கிடக்கின்றன; அவற்றின் வழியே மரங்கள் பேசிக்கொள்கின்றன; பெரிய மரம் தன் கன்றுகளை அடையாளம் கண்டு சர்க்கரை அனுப்புகிறது; பூச்சி வந்தால் அக்கம்பக்கத்தை எச்சரிக்கிறது. வாட்ஸ்அப் செய்தி தொடங்கிப் பள்ளி மேடைப் பேச்சு வரை இந்தக் கதை வந்துவிட்டது. ஜெர்மன் வன அலுவலர் பீட்டர் வோல்லேபென் 2015இல் எழுதிய நூலும், கனடாவின் வனவியலாளர் சூசன் சிமார்ட் தாய்மரத்தைப் பற்றி 2021இல் எழுதிய நூலும் இதை ஊரெங்கும் பரப்பின. கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காட்டில் எடுத்த அளவீடுகள்தான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

இதை வெளியாள் யாரும் சொல்லவில்லை. 2023இல் ‘நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன்’ இதழில் இக்கதையைக் கேள்வி கேட்ட ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூவருமே வேர்ப்பூஞ்சை ஆய்வாளர்கள். அதிலும் ஜோன்ஸ், இந்தப் பேச்சுக்கெல்லாம் வித்திட்ட 1997ஆம் ஆண்டுக் கட்டுரையில் சிமார்டுடன் சேர்ந்து பெயர் போட்டவர். காடுகளில் நடந்த 26 ஆய்வுகளை அவர்கள் திரும்பப் படித்தார்கள்.

வேரும் பூஞ்சையும் கூட்டு வைத்திருப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நம் உழவர்கள் ‘வேம்’ என்று வாங்கி நாற்றங்காலில் இடுவதும் அப்படியொரு வேர் உட்பூசணம்தான். செடி சர்க்கரை தருகிறது, பூஞ்சை மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவருகிறது. ஒரு மரத்திலிருந்து புறப்பட்ட சரக்கு பூஞ்சை வழியே இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் வழக்கு.

வலை எல்லாக் காட்டிலும் இருக்கிறது என்பது முதல் வாதம். இதற்குக் காட்டப்படும் பெயர்பெற்ற வரைபடம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் நிலத்தில் எடுக்கப்பட்டு 2010இல் வெளியானது. அதில் ஒரு டக்ளஸ் ஃபிர் மரம் 47 மரங்களோடு இணைந்திருந்தது. அந்தக் கோடுகளை எப்படிப் போட்டார்கள்? வேர் நுனிகளை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள்; இரண்டு மரங்களின் வேரில் ஒரே பூஞ்சையின் உடல் இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. நேர்மையான முறைதான். ஆனால் நடுவில் உள்ள இழை அறுபடாமல் இருக்கிறதா என்பதை அந்தச் சோதனை சொல்லாது. தலைமுடியைவிட மெலிந்த இழை அது. மண்ணுயிர்கள் மேயும், தானாகவும் மடியும். இப்படி வரைந்த காடுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகள். வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவையோ அந்த வரைபடத்தில் உள்ளதிலிருந்து வேறான வேம் வகைப் பூசணத்தோடு வாழ்பவை. ஊசியிலைக் காட்டின் வரைபடத்தை அப்படியே மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்கும் பொருத்திப் பேசுவது அவசரம்.

இரண்டாவது, வலை வழியே உணவு போகிறது என்ற வாதம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1997 சோதனையில் பிர்ச், டக்ளஸ் ஃபிர், சீடர் மூன்றையும் இளங்கன்றுகளாக அருகருகே நட்டார்கள். பிர்ச்சுக்கும் ஃபிருக்கும் மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, பின்னால் அடையாளம் காணும்படி ஒன்றுக்குக் கரிமம்-13, மற்றொன்றுக்குக் கரிமம்-14 கலந்த வாயுவைச் செலுத்தினார்கள். சில நாள் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால், ஒன்றுக்குக் கொடுத்த கரிமம் மற்றொன்றில். கொடுத்ததையும் வாங்கியதையும் கழித்தபின் ஃபிருக்கு லாபம், ஒளிச்சேர்க்கையில் உள்வாங்கிய அடையாளக் கரிமத்தில் சராசரியாக ஆறு சதவீத அளவு. நிழலில் நின்ற ஃபிருக்குக் கூடுதல். ‘நேச்சர்’ இதழ் இதை அட்டையில் போட்டுக் கொண்டாடியது.

சீடர்தான் இங்கே கவனிக்க வேண்டிய ஆள். அதன் வேரில் வாழும் பூஞ்சை வேறு வகை. மற்ற இரண்டின் வலையில் அது சேராது. ஆனால் அதிலும் அந்தக் கரிமம் இருந்தது, குறைவாகத்தான் என்றாலும். வேர் கசியவிட்டதும் மூச்சாக விட்டதும் மண் வழியே அடுத்த செடிக்குப் போகும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படியானால் ஃபிருக்கு வந்ததில் வலை வழியே வந்தது எவ்வளவு, மண் வழியே வந்தது எவ்வளவு? கட்டுரையில் அடக்கமாகச் சொல்லியிருந்த இந்த ஐயம், மேற்கோள் காட்டப்படக் காட்டப்படக் காணாமல் போயிற்று.

சுவிட்சர்லாந்தில் 40 மீட்டர் உயர ஸ்புரூஸ் மரங்களுக்கு அடையாளமிட்ட கரிமத்தைக் கொடுத்து, 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வையும் காட்டுவார்கள். பக்கத்து பீச், பைன், லார்ச் மரங்களில் அது கிடைத்தது உண்மை. கிடைத்த இடம் நுண்வேர்கள். அந்த வேரையே பூஞ்சை உறைபோல் போர்த்தியிருக்கிறது. சோதனைக்குழாயில் போட்டது மரத்தின் சதையா, பூஞ்சையின் சதையா?

போகட்டும், கரிமம் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். கன்று அதனால் பிழைத்ததா? இழை மட்டும் நுழையும் சல்லடைக்குள் கன்றை வளர்த்துப் பார்த்த சோதனைகளில் சிலது தேறியது, சிலது நலிந்தது, பல இடங்களில் வித்தியாசமே இல்லை. தேறியதும்கூட, நல்ல பூஞ்சை சீக்கிரம் வேரில் ஒட்டியதால் மணிச்சத்து கிடைத்துத் தேறியிருக்கலாம். அதற்குத் தாய் தேவையில்லை.

தாய் தன் பிள்ளையைத் தேர்ந்து ஊட்டுகிறது, எச்சரிக்கிறது என்ற மூன்றாவது வாதத்துக்கு அதிக இடம் வேண்டாம். முதிர்ந்த மரம் அப்படிச் செய்ததாகக் காட்டில் எடுத்து, சக ஆய்வாளர்கள் சரிபார்த்து வெளியான சான்று ஒன்றுகூட இல்லை என்று மூவரும் எழுதினார்கள். இருப்பவை பசுங்குடில் தொட்டிகளில் இளங்கன்றுகளை வைத்துச் செய்தவை. தொட்டியில் நடப்பது காட்டிலும் நடக்கலாம். நடக்கிறது என்று யாரும் காட்டவில்லை. சிமார்ட் தன் முடிவுகளில் உறுதியாகவே இருக்கிறார். அது அவர் உரிமை.

எனக்குப் பெரிய குறை வேறு. இந்தக் கதையில் பூஞ்சைக்கு வேலையே இல்லை. அது வெறும் குழாய். நிஜத்தில் அது மண்டி வியாபாரி. மணிச்சத்து மலிந்த பக்கத்திலிருந்து எடுத்து, பஞ்சமான பக்கத்துக்கு நகர்த்தி அங்குள்ள வேரிடம் பண்டமாற்று செய்வதை, ஒளிரும் நுண்துகள்களைக் கொண்டு ஆய்வாளர் டோபி கியர்ஸ் குழுவினர் 2019இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். தனக்கென்று வயிறுள்ள உயிர், வாங்கிய சர்க்கரையை இன்னொருவர் வீட்டுக் கன்றுக்கு ஏன் சும்மா கொண்டுபோய்க் கொடுக்கிறது என்ற கேள்வியைத் தாய்மரக் கதை கேட்பதே இல்லை.

மரத்தின் சர்க்கரை பூஞ்சை வழியே இன்னொரு செடிக்குப் போய், அச்செடி அதில் உயிர் வாழ்வதற்குச் சந்தேகமற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மோனோட்ரோபா என்ற, பச்சையமே இல்லாத வெளிறிய செடி. 1960இல் ஸ்வீடனின் எரிக் பியார்க்மன் மரத்துக்குள் கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி, அருகிலிருந்த மோனோட்ரோபாவில் அதைக் கண்டார். ஆனால் அங்கே மரம் கொடுக்கவில்லை. செடி பூஞ்சையிடமிருந்து திருடிக்கொள்கிறது.

“கதை பொய்யாகவே இருக்கட்டும், காட்டைக் காப்பாற்றுகிறதே” என்பது கடைசி வாதம். முதிர்ந்த மரங்களை வெட்டாமல் விடுவதற்கு விதை, நிழல், மண்ணில் பூஞ்சையின் வித்து, பறவைக் கூடு என்று அளந்து பார்த்த காரணங்களே போதுமான அளவு இருக்கின்றன. தாய்ப்பாசத்தை நம்பி வகுத்த வனத்திட்டமோ, ஆதாரம் கேட்டு ஒருவர் நீதிமன்றம் போகும் நாளில் முதலில் சரியும்.