ஓடுபாதைக்கு அப்பால்...

விமான நிலையம் என்றதும் எது நினைவுக்கு வருகிறது? கண்ணாடி மண்டபம். பளிங்குத் தரை. நகரும் படிக்கட்டு. எல்லாம் பயணிகளுக்கு! விமானத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

விமானத்துக்கு வேண்டியது ஓடுபாதை. இரவில் வழி காட்ட விளக்குகள். பாதை தொடங்கும் இடத்தில் பச்சை. முடியும் இடத்தில் சிவப்பு. பிறகு எண்ணெய். (ஜெட் விமானம் குடிப்பது பெட்ரோல் அல்ல, மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது.) தீயணைப்பு வண்டி, ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இது சர்வதேச விதி.

இன்னொன்றும் உண்டு. ஓடுபாதை முடிந்த பிறகும் நிலம் வேண்டும்! 240 மீட்டர் இருப்பது நல்லது என்பது நிபுணர்கள் கருத்து.

மலை உச்சியில்

மங்களூரில் மலை உச்சியை மேஜை போலத் தட்டையாக்கி ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். 2010-ம் ஆண்டு மே 22-ந் தேதி துபாயில் இருந்து ஒரு விமானம் வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, வெகுதூரம் தள்ளித் தரையைத் தொட்டது. நிற்க இடம் போதவில்லை. பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 158 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 8 பேர்தான்.

2020 ஆகஸ்டு 7-ந் தேதி கோழிக்கோட்டிலும் அதே கதை. அதுவும் மலை. அதுவும் துபாய் விமானம். கொட்டும் மழை. 21 பேர் உயிர் போயிற்று.

விமானிகள் செய்த தவறே முக்கிய காரணம் என்றன விசாரணை அறிக்கைகள். சரி. விமானியும் மனிதன்தானே? ஒருவர் தவறுக்காக, அரபு நாட்டில் உழைத்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்களும் சாக வேண்டுமா?

நொறுங்கும் கட்டி

நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஓர் ஓடுபாதை முடியும் பக்கம் தண்ணீர். நிலத்தை நீட்ட முடியாது. அங்கே லேசான சிமெண்டுக் கட்டிகளைப் பதித்தார்கள். விமானம் ஏறினால் கட்டி நொறுங்கும். சக்கரம் புதையும். ஆற்று மணலில் சிக்கிய மாட்டு வண்டி போல விமானம் நின்றுவிடும்! 1999 மே மாதம் ஒரு சிறு விமானம் பாதையைத் தாண்டி ஓடியது. கட்டிகள் பிடித்து நிறுத்தின. உள்ளே இருந்த அனைவரும் பிழைத்தார்கள்.

செலவு அதிகம் என்பார்கள். நொறுங்கிய கட்டியை மாற்ற வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால், மண்டபம் கட்டப் பணம் இருக்கிறதே!

மலை மேல் உள்ள ஓடுபாதைகளில் முதலில் நிலத்தை நீட்டட்டும். இடம் இல்லாத பக்கம் கட்டிகளைப் பதிக்கட்டும். மங்களூர், கோழிக்கோடு மட்டும் அல்ல. மிசோரமில் உள்ள லெங்புய் ஓடுபாதையும் மலை உச்சியில்தான் இருக்கிறது.