இலுப்பைக்கு இடமில்லா மரநடுகை

மாரி தொடங்கியதும் ஆண்டுதோறும் மரநடுகை விழாக்களும் தொடங்கிவிடுகின்றன. பிரமுகர் ஒருவர் மண்வெட்டி பிடிக்கின்றார், புகைப்படம் எடுக்கப்படுகின்றது, நடப்பட்ட கன்றுகளின் தொகை மறுநாட் செய்தியாகின்றது. எத்தனை கன்றுகள் என்னும் வினாவுக்கு எப்போதும் விடை உண்டு. எந்த மரங்கள், எவருக்காக என்னும் வினாவை எழுப்புவோரோ மிக அரியர். தேக்காயினும் மகோகனியாயினும் யூக்கலிப்ரசாயினும் பச்சை பச்சைதானே என்னும் மனோபாவமே இவ்விழாக்களின் அடியிற் கிடக்கின்றது. கண்டிக்கப்பட வேண்டியது இம்மனோபாவமே.

மேற்கூறிய மூன்றும் இத்தீவின் இயற்கைக் காட்டுக்குரியனவல்ல. தேக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இயல்பாக வளர்வது; மகோகனி அமெரிக்க வெப்பவலயத்தது; யூக்கலிப்ரஸ் அவுஸ்திரேலியாவினது. அயல்மரம் என்பதனால் மட்டும் எதனையும் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டி விற்கப்படும் நாள்வரை பலகைக் கணக்கிலன்றி வேறெக்கணக்கிலும் சேராத மரங்களை நட்டுவிட்டு, காடு வளர்த்தோம் எனப் பெருமை பேசுவது பொருந்தாது.

இலுப்பையின் நிலை வேறு. இலுப்பைக்கடவை, இலுப்பையடிச்சேனை, இலுப்பைக்குளம் என ஊர்ப்பெயர்களிலேயே அது வேரூன்றி நிற்கின்றது. அதன் கொட்டைப் பருப்பின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு எண்ணெய். செக்கிலாட்டிய அவ்வெண்ணெய் கோயில் விளக்குகளில் எரிந்தது, மருந்தாயிற்று, சவர்க்காரத்துக்கும் பயன்பட்டது. எஞ்சிய பிண்ணாக்கு நுரைக்குந் தன்மையது, தலைமுழுக உதவியது. சர்க்கரைச் சத்து மிகுந்த பூவும் வீணாகவில்லை. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்னும் பழமொழி அப்பூவை இரண்டாந்தரப் பொருளாகவே காட்டுகின்றது. ஆலை நின்றுபோன காலத்தில் ஊரைக் காத்த பூவை ஏளனஞ் செய்வது விந்தையானதொரு நன்றியுணர்வு!

மனிதனுக்குக் கிடைத்தது இம்மரத்தின் விருந்தில் ஒரு பங்கு மாத்திரமே. இரவில் மலரும் இலுப்பைப் பூவை நாடிப் பழந்தின்னி வௌவால்கள் வருகின்றன. பூவின் சாறையும் சதைப்பற்றான இதழையும் உண்ணும் அவை மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. பின்னர் பழத்தைக் கௌவிச் சென்று வேறொரு மரத்திற் தொங்கியபடி சதையைத் தின்று கொட்டையை நழுவவிடுகின்றன. தாய்மரத்தின் நிழலுக்கு அப்பால் இலுப்பை முளைப்பது பெரும்பாலும் இவ்வாறுதான். கொட்டை பொறுக்கும் பெண்களும் வௌவால் தின்று போட்ட கொட்டையையே விரும்பி எடுப்பர். சதை நீங்கிச் சுத்தமாகக் கிடப்பது அதுவே. மரம், விலங்கு, மனிதர் ஆகிய மூவரும் பங்கு கொள்ளும் பொருளாதாரம் ஒன்று இங்கு நெடுங்காலம் இயங்கியது. பலகைக் கணக்கு எழுதுவோரின் ஏட்டில் அதற்கு நிரல் இல்லை.

இவ்விழப்பின் விலை 2021இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, சேதனப் பசளைக்கு உடனடியாக மாறுமாறு விவசாயிகள் பணிக்கப்பட்டனர். நவம்பரில் அக்கொள்கை கைவிடப்படுமுன் வயல்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. குளத்தின் நீரேந்து பகுதியிலும் கட்டின் அடிப்புறத்திலும் மருதும் இலுப்பையும் நின்ற காலத்தில், அவற்றின் தழை வயலுக்கு உரமாயிற்று. அங்கு தங்கிய வௌவால்களின் எச்சமும் மண்ணிற் சேர்ந்தது. ஒரு நாட்டின் நெல்வயல் முழுவதற்கும் இது போதியதென எவருங் கூறார். எனினும் தழை தரும் மரங்களைப் பேணாது விட்டபின், ஒரே போகத்தில் இயற்கை விவசாயம் செய்க என ஆணையிடுவது கிணற்றைத் தூர்த்துவிட்டு நீரிறைக்கச் சொல்வதாகும்.

இலுப்பை மெதுவாக வளரும், காய்க்கப் பத்தாண்டேனும் செல்லும் என்பது வழமையான ஆட்சேபம். தேக்கு வெட்டுப்பருவம் எய்த முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்கின்றனவே. அதனை எவரும் மந்தமான மரம் என்பதில்லை. பொறுமை இல்லாமையன்று இங்கு குறை. ஒப்பந்தகாரனுக்கு வருமானம் தரும் மரத்திற்காகக் காத்திருக்கலாம், கொட்டை பொறுக்கும் ஏழைப் பெண்ணுக்கு வருமானம் தரும் மரத்திற்காகக் காத்திருக்க இயலாது என்பதே இவ்வாட்சேபத்தின் உட்பொருள். வௌவால் அசுத்தம், நோய் பரப்பும் என்பது மற்றோர் ஆட்சேபம். உணவு மரங்களும் உறைவிடமும் அழிந்து வௌவால்கள் மனிதக் குடியிருப்பை நெருங்கும்போதே அவ்வாபத்து மிகுகின்றது என்பதை இவ்வாறு வாதிடுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

உண்மையான தடை விதையில் உள்ளது. இலுப்பை விதை சேமித்து வைக்க இசையாதது. சில வாரங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும். சாக்கில் கட்டிக் களஞ்சியத்தில் வைத்து, கட்டளை வரும்போது விதைக்கும் திணைக்கள முறைக்கு அது பணியாது. ஆகவே நாற்றுமேடை தலைநகரிலன்றி மரம் நிற்கும் ஊரிலேயே அமைய வேண்டும். விழுந்த கிழமையிலேயே பொறுக்கி, ஆணிவேர் முறியாதவாறு ஆழமான பைகளில் ஊன்றினால், மாரி பிறக்கையில் கன்று ஆயத்தமாயிருக்கும். பாடசாலையும் கமக்காரர் அமைப்பும் செய்யக்கூடிய வேலை இது. கோயில் அறங்காவலர்களும் செய்யலாம். வீதியிற் சீமெந்து பரப்புவதற்காக இலுப்பையைத் தறித்துவிட்டு, விளக்குக்குப் போத்தல் எண்ணெய் வாங்கும் அறங்காவலர்கள் முதலிற் செய்யலாம்.