விடிஞ்சா வைவா... பிரின்டர் ஸ்டிரைக்!

மறுநாள் புராஜெக்ட் வைவா. ராத்திரி 11 மணிக்கு ரிப்போர்ட்டுக்கு பிரின்ட் கொடுத்தா, என் இங்க்ஜெட் துப்பியது கோடு கோடா வரிக்குதிரை! மூணு தடவை 'ஹெட் க்ளீனிங்' கொடுத்தேன். குறைஞ்சது இங்க்தான், கோடு போகலை. காலையில் ஜெராக்ஸ் கடை அண்ணன்தான் காப்பாத்தினார்.

தப்பு மிஷின் மேல இல்லை பாஸ், என் மேலதான். செமஸ்டருக்கு ஒரு தடவை மட்டும் தொட்டா, நாஸில்ல இங்க் காஞ்சு அடைச்சுக்கும். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்க. சுவர் ஸ்விட்சில் அணைக்காம, பிரின்டர் பட்டன்லயே அணைங்க. அப்பத்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கும். க்ளீனிங்கும் இங்க்கைத்தான் குடிக்கும். சும்மா சும்மா கொடுக்காதீங்க.

புதுசா வாங்கப் போறீங்களா? பிரின்டர் விலையை மட்டும் பார்த்து மயங்காதீங்க. கார்ட்ரிட்ஜ் விலையை, அது தரும் பக்கக் கணக்கால வகுத்துப் பாருங்க. உதாரணத்துக்கு, 900 ரூபாய்க்கு 180 பக்கம்னா, ஒரு பக்கம் 5 ரூபாய்! எப்பவாவது கறுப்பு-வெள்ளை மட்டும் போதும்னா லேசர் வாங்குங்க. அதோட டோனர் பவுடர். காயுற பேச்சே இல்லை.

நானா? இன்னும் அதே இங்க்ஜெட்தான். ஞாயிறுதோறும் ஒரு பக்கம், தவறாம!