ஏழு நாளும் ஒரு கொப்பியும்

பிற நாட்டில் சில காலம் தங்கியிருப்பவன், ஊர் திரும்பும் நாள் நெருங்கும்போதுதான் அந்நாட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான். நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆசிரியப் பயிற்சியின் பொருட்டு 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் ஓராண்டு இங்கிலாந்தின் வடபகுதியில் வாழ்ந்தோம். விரிவுரை மண்டபம், நூல்நிலையம், வாடகை அறை என்னும் மூன்றுக்குள்ளே பத்து மாதங்கள் கழிந்துவிட்டன. "இலண்டனைப் பார்த்துவிட்டீர்களா?" என்று வீட்டார் கேட்கும்போதெல்லாம் "பார்ப்போம்" என்பதே எமது விடை. ஈற்றில், 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் வாய்த்தது.

இலண்டனில் எமது தமக்கையாரின் மகன் பொறியியல் பயில்கிறான். புகையிரத நிலையத்தில் எம்மைக் கண்டதும் அவன் நீட்டியது ஒரு நேரசூசி. ஏழு நாள், பதினான்கு இடம், மூன்று கச்சேரி.

"மாமா, எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் போட்டிருக்கிறன். ஓரிடத்திலே ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலே நிற்கக் கூடாது" என்றான்.

இருபது ஆண்டுகளாக நேரசூசி போட்டுப் பிள்ளைகளை ஓட்டி வந்த எமக்கு அது தக்க தண்டனைதான். நாமும் சளைக்கவில்லை. தடித்த அட்டைக் கொப்பி ஒன்று வாங்கினோம். கண்டதையெல்லாம் அதிற் குறித்துக்கொண்டால் ஊர் திரும்பியதும் இப்பத்திக்கு ஆறு வாரத்துக்கு விஷயம் கிடைக்கும் என்பது எமது கணக்கு.

முதலிரண்டு நாள்களில் கோபுரக் கோட்டை, வெஸ்மின்ஸ்டர், தேம்ஸ் நதிப் பாலங்கள் யாவும் கண்முன்னே ஓடின. டிரபல்கார் சதுக்கத்தருகே சென் மார்ட்டின் தேவாலயத்தில் நடுப்பகற் கச்சேரி ஒன்று கேட்டோம். பியானோ வாசித்த இளைஞரின் விரல்களைவிட எமது பேனாவே விரைந்தோடிற்று.

பிரித்தானிய நூதனசாலையில் ஒரு கணம் நின்றோம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையிலே கண்டெடுக்கப்பட்ட, பொன் முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலத் திருவுரு அங்கே நிற்கின்றது. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. இலங்கையில் தேசாதிபதியாயிருந்த பிரவுண்றிக் 1830இல் அதனை நூதனசாலைக்குக் கொடுத்தார். நம் கிழக்குக் கரையின் திருவுருவைப் பார்க்க ஆறாயிரம் மைல் வரவேண்டியிருக்கிறதே என்று நினைத்தோம். மருமகன் கைக்கடிகாரத்தைக் காட்டினான்.

நான்காம் நாள் சென்ற இடம் சிறியது. பிரன்ஸ்விக் சதுக்கத்தருகே, கைவிடப்பட்ட குழந்தைகளின் நூதனசாலை. தோமஸ் கோரம் என்னும் முதிய மாலுமி, பிள்ளைகள் தெருவிலே மடிவதைப் பொறாது பதினேழு ஆண்டுகள் வாசல் வாசலாக ஏறியிறங்கி, 1739இல் அரச பட்டயம் பெற்று ஓர் இல்லம் நிறுவினார். இசைமேதை ஹண்டெல் 1750இல் அவ்வில்லத்தின் ஆலயத்திலே தமது 'மெசையா'வை அரங்கேற்றி நிதி திரட்டினார். அதன்பின் ஆண்டுதோறும் அது அங்கே பாடப்பட்டது. 1759இல் காலமானபோது அவ்விசையின் பிரதியொன்றை அப்பிள்ளைகளின் இல்லத்துக்கே எழுதிவைத்திருந்தார். மேல்மாடியில் அவரது இசையைக் கேட்பதற்கென ஒலிபெருக்கி பொருத்திய சாய்வு நாற்காலிகள் உள்ளன. மருமகன் ஒன்றில் அமர்ந்தான், அமர்ந்தபடியே உறங்கிவிட்டான். அவ்வுறக்கமே எமக்குக் கிடைத்த நல்ல காலம்.

கீழே ஒரு கண்ணாடிப் பேழை. வளர்க்க வழியற்ற தாய், சிசுவை ஒப்படைக்கும்போது ஓர் அடையாளப் பொருளை விட்டுச் செல்வாள். இல்லத்தில் பிள்ளைக்கு வேறு பெயர் இடுவார்கள். என்றாவது நிலைமை சீர்ப்பட்டு அவள் திரும்பி வந்தால், தன் பிள்ளை எதுவென்று காட்ட அப்பொருளே சாட்சி. தேய்ந்த காசு, பொத்தான், ஒரு கொட்டையின் ஓடு, துணித்துண்டுகளும் இருந்தனவாம். 1741 முதல் 1760 வரை அவ்வில்லம் ஏற்ற பிள்ளைகள் 16,282. தாயார் மீட்டுச் சென்றவர்கள் 152. இரண்டு எண்களையும் கொப்பியில் எழுதினோம். ஆசிரியப் பழக்கம் விடுமா? கழித்தும் பார்த்தோம்: 16,130. அவர்களிற் பெரும்பகுதியினர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோயினர். விடையை எழுதிய பின் வேறெதையும் எழுதக் கை வரவில்லை. ஆனால் ஒன்றரை மணித்தியாலம் முடிந்துவிட்டிருந்தது.

மறுநாள் அல்பேட் மண்டபத்தில் முதற் கச்சேரி. அங்கு கோடைதோறும் நடைபெறும் 'புரொம்ஸ்' என்னும் இசைவிழாவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1895இல் றொபட் நியூமன் என்பவர் குவீன்ஸ் மண்டபத்தில் இதனைத் தொடங்கினார். நின்று கேட்பவர்க்குக் கட்டணம் ஒரு சிலிங். வாத்தியக் குழுவை நடத்திய ஹென்றி வூட்டுக்கு அப்போது வயது 26. 1941 மே மாதத்துக் குண்டுவீச்சில் அம்மண்டபம் அழிந்தது. அவ்வாண்டே விழா அல்பேட் மண்டபத்துக்கு மாறிற்று. விக்டோரியா மகாராணியார் காலத்தில், 1871இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தின் பெருங் கூரை ஓசையை எதிரொலித்துத் திருப்பி அனுப்புமாம். அக்குறையைப் போக்கவே 1969இல் காளான் வடிவான தட்டுகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். மேடைக்கு நேர் கீழே ஆசனமில்லாத வெளியில் நிற்பதற்கு நாம் கொடுத்தது 8 பவுண். நல்ல ஆசனத்துக்கு அதைப்போலப் பன்மடங்கு. ஏழைக்கு மேடையருகும் செல்வந்தர்க்குத் தூரமுமாக அமைந்த சபை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

அன்று எம்மருகே நின்ற வெள்ளைத் தலை மூதாட்டியொருவர், எமது பேனா சரசரக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். இடைவேளையில் கேட்டோம். நாற்பது கோடைகளாக அதே இடத்தில் நின்று கேட்கிறாராம்.

ஆறாம் நாள் மதியம் மண்டபத்துக்கு எதிரேயுள்ள பூங்காவில் இளைப்பாறியிருக்கையில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஊரில் நல்லூர்த் திருவிழாக் காலம். "அப்பா, கேளுங்கோ" என்று கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தாள். நாதஸ்வரமும் தவிலும் சனத்தின் இரைச்சலுக்கிடையே வந்தன. சிறிது நேரமே கேட்டது. பின்னர் தொடர்பு அறுந்தது.

அன்று மாலை பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனி. இலண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் 50 பவுண் கொடுத்துக் கேட்ட ஆக்கம் அது. 1824இல் வியன்னாவில் அரங்கேறியது. அப்போது அதனை ஆக்கியவருக்குச் செவிப்புலன் ஏறக்குறைய முற்றாக அற்றுப்போயிருந்தது. அதனை வாசிக்க நிக்கலஸ் கொலன் தலைமையில் அரோரா வாத்தியக் குழுவினர் வந்து நின்றார்கள். மேடையில் இசைத்தாள் வைக்கும் தாங்கி ஒன்றுகூட இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட அவ்விசையை அத்தனை பேரும் மனப்பாடமாக வாசிக்கப் போகிறார்கள்!

அதே மூதாட்டி எமது கொப்பியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "இன்று அவர்களிடமே தாள் இல்லை, உங்களுக்கு எதற்கு?" என்றார். நாணித்துக் கொப்பியைக் காலடியில் வைத்தோம்.

நம்மவர்க்கு இது புதுமையன்று என்று எவரும் கூறலாம். மதியம் கேட்ட நல்லூர் மேளகாரர் முன்னே காகிதத்தை வைத்து வாசிக்க யார் கண்டது? எனினும் இது வேறு வகை. ஒவ்வொருவர் பங்கும் வெவ்வேறு. ஒருவர் தவறினால் அடுத்தவர் தடுமாறுவார். ஆகவே கண்கள் தாளிலிருந்து விடுபட்டு ஒருவரையொருவர் பார்த்தன. இறுதிப் பகுதியில் அந்த ஆனந்த மெட்டைச் செல்லோக்களும் டபுள் பாசுகளும் மிக மெல்லெனத் தனியே தொடங்கின. பின்னர் வயோலாக்கள் ஏற்றன, பின்னர் வயலின்கள். ஒரு செல்லோக்காரி, தம்மிடமிருந்து மெட்டு மறுபுறம் செல்வதைத் தலை திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பாடகர் குழு எழுந்து பாடியபோது எமக்குக் கால் வலி தெரியவில்லை.

"பாடமாக்காதே, விளங்கிப் படி" என்பது வகுப்பிலே நாம் நாள்தோறும் சொல்லும் வாக்கியம். பாடமாக்கியபடியாற்றான் இவர்கள் இப்படி விளங்கி வாசிக்கிறார்கள் என்று அன்று தோன்றிற்று. அவ்வாக்கியத்தை இனி எந்த முகத்தோடு சொல்வது என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை. எமது தந்தையார் எண்சுவடியைப் பிரம்போடு பாடமாக்குவித்ததையும் மறந்துவிடவில்லை.

நிலத்தடிப் புகையிரதத்தில் ஏறிய பின்பே, "மாமா, கொப்பி எங்கே?" என்றான் மருமகன். காலடியில் வைத்தது அங்கேயே தங்கிவிட்டது. மறுநாட் காலை விசாரித்தோம், கிடைக்கவில்லை. கோபுரக் கோட்டையை ஒரு வரியில் முடித்ததற்காக மாணவ வாசகர்கள் எம்மை மன்னிக்க வேண்டும். அதன் ஆண்டும் அளவும் அக்கொப்பியோடு போயின. அந்த இரண்டு எண்கள் மட்டும் எழுதாமலே நின்றுவிட்டன.

ஏழாம் நாள் நேரசூசியில் மேலும் இரண்டு இடங்கள் இருந்தன. மருமகன் அதை எடுத்துப் பார்த்தான். எமது முகத்தையும் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிரன்ஸ்விக் சதுக்கத்துக்கே மீண்டும் சென்றோம். மேல்மாடியில் அதே நாற்காலியில் அவன் அமர்ந்தான். இம்முறை உறங்கவில்லை. நாம் கீழே அப்பேழையின் முன்னே மூன்று மணித்தியாலம் நின்றோம்.