பருவமழை முடிந்துவிட்டதா?

சென்ற ஆண்டுப் புரட்டாசியில் ஒரு நாள். விடுதி உணவுக்கூடத்தில் செய்தித்தாளை மடித்து வைத்த வடநாட்டு நண்பர், "பருவமழை முடிந்துவிட்டது, இவ்வாண்டு குறைவில்லை" என்றார். அன்றிரவு ஊருக்குப் பேசினேன். "விதைச்சுட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்ப்பா. நமக்கு இனிமேதானே மழை" என்றார் என் தந்தை. நாடு ஒன்று, நாளும் ஒன்று. ஆனால் ஒருவருக்கு முடிந்துபோன மழை, மற்றவருக்குத் தொடங்கவே இல்லை!

'இந்தியாவின் தட்பவெப்பம்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அப்படி ஒன்று உண்டா? நாம் வாழும் இந்த டில்லியையே பாருங்கள். கடல் வெகுதொலைவில் இருக்கிறது. நிலம் விரைவில் சூடேறும், விரைவில் குளிரும். ஆகவே கோடையில் 45 பாகை வரை கொதிக்கும் இந்நகரம், சனவரி இரவில் 5 பாகைக்கும் கீழே இறங்குகிறது. கடலோரச் சென்னையிலோ சனவரி இரவுகளிலும் ஏறத்தாழ 20 பாகை. மத்திய ஆசியாவின் பனிக்காற்றை இமயம் தடுத்திராவிட்டால் இங்கே குளிர் இன்னும் கொடியதாக இருக்கும். இரண்டு கம்பளிக்குள் சுருண்டு டில்லியைத் திட்டும் நண்பர்கள் இமயத்துக்கு ஒரு நன்றி சொல்லலாம்!

மழையின் கதையும் இதுதான். சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, தன் நீரைக் கேரளத்துப் பக்கமே பெரிதும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குவது பெரும்பாலும் வறண்ட காற்று. ஐப்பசியில் காற்றுத் திசை மாறி, வங்கக் கடலைக் கடந்து வரும்போதுதான் நமக்கு அடைமழை. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று திங்களில் பெய்வது.

இது பாடப்புத்தகச் செய்திதானே என்பீர்கள். இல்லை, வயிற்றுச் செய்தி. 2015-இல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 விழுக்காடு குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை மூழ்கியது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் 'எல் நினோ' ஆண்டு அது. எல் நினோ தென்மேற்கு மழையைப் பெரும்பாலும் மெலிவிக்கும். நமது வடகிழக்கு மழையைப் பெரும்பாலும் வலுப்படுத்தும். மறு ஆண்டு எல்லாம் தலைகீழ். 2016-இல் நாட்டின் பருவமழை சராசரியில் 97 விழுக்காடு, 'இயல்பு' என்றார்கள். ஆனால் காவிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை பொய்த்தது. பின்னர்த் தமிழகத்தின் வடகிழக்கு மழையும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 மார்ச்சில் தமிழக உழவர்கள் வறட்சி நிவாரணம் கேட்டு இதே டில்லியில், ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்தார்கள். மழை இயல்பாகப் பெய்த நாட்டில் இவர்களுக்கு என்ன வறட்சி என்று கேட்டவர்களுக்கு, அந்த 97 எப்படி விடை சொல்லும்?

விடுதி மாணவர் அனைவரின் உடல் வெப்பத்தையும் கூட்டி வகுத்து, 'யாருக்கும் காய்ச்சல் இல்லை' என்று ஒரு மருத்துவர் சொன்னால் ஏற்போமா? நாட்டின் சராசரியும் அத்தகையதே. வானிலைத் துறை நாட்டை 36 உட்பிரிவுகளாகப் பிரித்துக் கணக்குத் தரத்தான் செய்கிறது. தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்கள் நாம்தான்.

இது பிரிவினைப் பேச்சன்று. நம்மிடமும் இதே குறை உண்டு. சனவரியில் டில்லியில் தூறினால் சலித்துக்கொள்கிறோம். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் காற்றுச் சுழல்கள் தரும் அந்த மழை பஞ்சாபின் கோதுமைக்கு உயிர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணினோம்? ஒருவர் வானத்தை மற்றவர் அறிவதே ஒற்றுமைக்கு முதற்படி.

ஆகவே நண்பர்களே, 'மழை நன்றாகப் பெய்தது' என்று யாரேனும் சொன்னால், 'எங்கே? எந்தத் திங்களில்?' என்று கேளுங்கள். உணவுக்கூடத்து நண்பருக்கு இதையெல்லாம் மறுநாளே விளக்கினேன். ஐப்பசி பிறந்ததும் அவரே என்னைத் தேடி வந்து கேட்டார்: "உன் தந்தைக்கு மழை வந்ததா?"