மேல் வீட்டுச் சத்தமும் என் வீட்டுச் சத்தமும்

34 வருடம் அரசாங்கத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு தொல்லை வந்தால் கை முதலில் பேனாவைத்தான் தேடும். ஃபிளாட்டுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம் நானும் அப்படித்தான் பேனாவை எடுத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதை இன்று எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலரும் தெரு வீட்டை விட்டுவிட்டு அடுக்குமாடிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படலாம்.

நான் வளர்ந்தது புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணை வைத்த வீட்டில். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். சத்தத்துக்குக் குறைவில்லை. உலக்கை இடிக்கும், குழந்தை அழும், ரேடியோ பாடும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வரை தெரு அடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம் அது. இன்றும் நம் ஊரில் பல கடைகள் அந்த நேரத்தில் சாத்தியிருக்கும். அப்போது யாராவது ஆணி அடித்தால், எதிர்த் திண்ணையிலிருந்து "ஏம்பா, நாலு மணிக்கு மேல அடிச்சா ஆவாதா?" என்று குரல் வரும். அதோடு விஷயம் முடிந்தது. சாயங்காலம் இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஃபிளாட்டில் திண்ணை கிடையாது. அதோடு தலைக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள். கான்கிரீட் தளம் பேச்சுச் சத்தத்தை ஓரளவு தடுக்கும். தட்டுகிற சத்தத்தையும் இழுக்கிற சத்தத்தையும் அப்படியே கீழே இறக்கிவிடும். எங்கள் மேல் வீட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கே மிக்சி ஓடும். பிறகு இரும்பு நாற்காலியை 'கர்ர்' என்று இழுப்பார்கள். ஆறு மாதம் பொறுத்தேன். பொறுத்தேன் என்றால், ஒரு வார்த்தை சொல்லாமல் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன் என்று அர்த்தம்.

கடைசியில் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். 'பொருள்: மூன்றாம் தளத்திலிருந்து வரும் தொடர் சத்தம் – நடவடிக்கை கோருதல் – சார்பு.' நாள்வாரியாக நேரம் குறித்து, பட்டியலும் இணைத்திருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. செயலாளர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 24 வீட்டுக்காரர்களும் படித்தார்கள்.

மேல் வீட்டில் ஒரு சின்னப் பெண், மூன்றாவது படிக்கிறது. மாடிப்படியில் பார்த்தால் நான் சொல்லிக்கொடுத்தபடி "போன்ழூர் தாத்தா" என்று கத்தும். கடிதம் போன மறுநாள் கதவைத் திறந்தபோது, அது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி என் வாசலைக் கடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவிட்டது. போன்ழூர் இல்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. சட்டத்தைப் புரட்டினேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஐந்து மணி மிக்சி இரவுக் கணக்கில்தான் வருகிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். "நாற்காலி இழுக்கறதை அளக்கப் போலீஸ் டேப் எடுத்துக்கிட்டு வருமா? மாடி ஏறிப் போய்க் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். கையில் ஒரு டப்பா முறுக்கையும் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். அந்த அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஐந்து மணிக்குச் சட்னி அரைக்காவிட்டால் பிள்ளைக்கு டிபன் கிடையாது. கீழே இவ்வளவு கேட்கும் என்று அவர்களுக்குச் சத்தியமாகத் தெரியாது. "மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாற்காலிக் கால்களுக்கு மாட்டினோம். மிக்சிக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு. ஆறு மாதத் தொல்லை அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்தது.

கிளம்பும்போது அவர் தயங்கினார். "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" ராத்திரி ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை என் வீட்டு டிவி அவர்கள் படுக்கையறை ஜன்னல் வழியாக உள்ளே வருகிறதாம். நான் பிரெஞ்சுச் செய்தி பார்க்கிற நேரம் அது. பிள்ளை தூங்குவதில்லையாம். "எவ்வளவு நாளா?" என்றேன். "நாங்க வந்ததிலேர்ந்து." ஒன்றரை வருடம்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "பெரியவங்க, எப்படிச் சொல்றது" என்றார்.

பிறகு காது பரிசோதனைக்குப் போனேன். இரண்டு காதிலும் குறை இருந்தது. டிவியின் சத்தம் வருடத்துக்கு இரண்டு புள்ளி ஏறிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவே இல்லை. மிக்சி மட்டும் எப்படிக் கேட்டது என்று நீங்கள் கேட்கலாம். நம்மைத் தொந்தரவு செய்கிற சத்தம் நன்றாகத்தான் கேட்கும்.

என் அபிப்பிராயம் இதுதான். சத்தப் புகாரை முதலில் காகிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். கோபம் தணிந்த பிறகு, பகல் வேளையில், நேரில் போங்கள். குற்றம் சாட்டாமல் கேள்வியாகக் கேளுங்கள். ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், முதல் வாரமே சொல்லுங்கள். நாமும் ஏதாவது செய்யப்போகிறோம் என்றால் முன்கூட்டித் தெரிவிப்பது நல்லது. பாரீஸில் இருக்கும் என் அக்காள் மகள் வீட்டில், விருந்து வைப்பவர்கள் லிப்ட் அருகில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவார்கள்: சனிக்கிழமை இரவு கொஞ்சம் சத்தம் இருக்கும், மன்னிக்கவும் என்று. இரவுச் சத்தத்துக்கு 'தபாழ் நொக்தூர்ன்' என்று தனிப் பெயரும் அபராதமும் உள்ள நாட்டில்கூட ஒரு சீட்டில் காரியம் நடக்கிறது.

எல்லா அண்டை வீட்டுக்காரரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் ஸ்பீக்கர் வைத்து ஆடுபவரிடம், இரண்டு முறை சொல்லியும் கேட்காதவரிடம், முறுக்கு டப்பா பலிக்காது. அப்போது சங்கம், அதற்கும் மேல் 112. சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைத்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. நாம் பெரியவர்கள் என்பதால் நம்மிடம் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நாமே மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் போய், "எங்க டிவி தொந்தரவா இருக்கா?" என்று கேட்டுவிட வேண்டும். நான் கீழ் வீட்டிலும் கேட்டேன். அங்கேயும் இருந்தது.

இப்போது காதில் மெஷின் மாட்டியிருக்கிறேன். மறந்துபோய்ச் சத்தம் வைத்துவிட்டால், மேலே அந்தப் பெண் காலால் இரண்டு தட்டு தட்டும். உடனே குறைத்துவிடுவேன். காலையில் படியில் பார்த்தால் போன்ழூர் உண்டு.