கலைஞரின் பக்தியைச் சோதிக்க நாம் யார்?

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்கு 2021 டிசம்பர் 10ஆம் தேதி சேவிக்க வந்த பரதநாட்டியக் கலைஞர் ஜாகிர் உசேனை, மதத்தைக் காரணம் காட்டி ஒருவர் தடுத்தார். தடுத்தவர் கோயில் அதிகாரி அல்ல, ஊழியரும் அல்ல. பலமுறை அரங்கனைத் தரிசித்தவர், வைணவப் பாசுரங்களை மேடையில் ஆடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர், அன்று அவமானப்பட்டுத் திரும்பினார். காவல்துறையில் புகார், அறநிலையத் துறையின் விசாரணை, ஆளுக்கொரு அறிக்கை என்று சில நாட்கள் பரபரப்பாகக் கழிந்தன. 2024 டிசம்பரில் அதே ஜாகிர் உசேன் உற்சவர் நம்பெருமாளுக்கு ரத்தினக் கிரீடம் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். கோயில் பெற்றுக்கொண்டது. கிரீடம் எந்த மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

கலைஞர்களைப் பற்றி ரசிகர்கள் இப்போது கேட்கும் கேள்விகள் இரண்டு. இவர் உண்மையில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்? தேசிய கீதம் ஒலித்தபோது வாய் அசைத்தாரா? ராகம் எப்படி, தாளம் நின்றதா என்ற பேச்செல்லாம் அப்புறம்தான். இரண்டு கேள்விகளும் ரசிகர் கேட்கக் கூடாதவை என்பதே நமது நிலை. திருச்சியில் இருந்துகொண்டு இதைச் சொல்ல நமக்குக் கூடுதல் உரிமை உண்டு.

ஷேக் சின்ன மௌலானாவை இந்த ஊர் மறந்திருக்காது. ஆந்திரத்தின் கரவதி கிராமத்தில் 1924இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பம். தஞ்சாவூர்ப் பாணியின் மீது கொண்ட மோகத்தில் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் வந்து பயின்றார். பிறகு ஸ்ரீரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். இங்கே அவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்துக்கு இட்ட பெயர் சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம். நாள் தவறாமல் தொழுகை செய்த ஒரு மனிதர் தம் பள்ளிக்குக் கலைமகளின் பெயரைச் சூட்டினார் என்பதில் அவருக்கும் சங்கடம் இருக்கவில்லை, வீதிக்கும் இருக்கவில்லை. 1977இல் பத்மஸ்ரீ, 1998இல் சங்கீத கலாநிதி. அவர் மறைந்தது 1999இல். அவரிடம் பயின்ற ஷேக் மெஹபூப் சுபானி, காலிஷாபி மெஹபூப் தம்பதியும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள்தாம். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஆச்சா மரத்தில் கடைந்த குழலில் சீவாளியைச் செருகி, ஈரப்படுத்தி, மூச்சைக் கொடுத்துத் தியாகராஜரின் கீர்த்தனையை எடுக்கும்போது அவர்கள் மனத்தில் எந்தக் கடவுள் இருந்தார் என்று தவில்காரர்கூடக் கேட்டதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது எந்த நியாயம்?

அரங்கன் கோயிலின் வழக்கங்களே இன்றைய வாசல்காவலர்களுக்குத் தோதாக இல்லை. அர்ச்சுன மண்டபத்தில் பகல்பத்து நடக்கும்போது, வெல்வெட் குல்லாய் அணிந்த அரையர்கள் தாளமிட்டுப் பாசுரம் சேவிப்பார்கள். அந்த மண்டபத்தின் ஓரத்திலேயே இருக்கிறது துலுக்க நாச்சியார் சந்நிதி. டில்லி சுல்தானின் மகள் பெருமாள் மீது காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்தாள் என்பது கோயில் சொல்லும் கதை. அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். திருமஞ்சனத்தில் நம்பெருமாள் கைலி உடுத்துகிறார். வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை எப்படி வேண்டுமானாலும் ஆராயட்டும். கோயில் இதை நூற்றாண்டுகளாக மடைப்பள்ளி வரை கொண்டுபோயிருக்கிறது. உறையூர்ப் பாணரான திருப்பாணாழ்வாரைக் கல்லால் அடித்த அர்ச்சகர் லோகசாரங்கரே அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டுவர நேர்ந்தது என்றும் இதே கோயில் சொல்கிறது. ஆழ்வார் கதையைச் சொல்லும்போது உருகிவிட்டு, வாசலில் வந்து மறந்துவிடுவது நமக்குப் பழகிவிட்டது.

மறுதரப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கோயில் சுற்றுலாத் தலம் அல்ல. ஆகமமும் மரபும் உள்ள இடம். அதன் ஒழுங்கைக் காக்கக் கோயிலுக்கு உரிமை உண்டு. ஒப்புக்கொள்கிறோம். அந்த உரிமை கோயில் நிர்வாகத்துக்கு உரியது, வழியில் நிற்பவருக்கு உரியதல்ல. பழனி கோயில் வழக்கில் 2024 ஜனவரி 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோருக்கு அனுமதியில்லை என்று பலகை வைக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், தெய்வத்தின் மீது நம்பிக்கை உள்ளதாகவும் கோயில் வழக்கத்தைப் பின்பற்றுவதாகவும் உறுதிமொழி எழுதிக் கொடுப்பவர் உள்ளே போகலாம், அதற்கொரு பதிவேடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியைப் பலரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியைக் காணோம்.

கேரளத்திலும் இதே கதைதான். சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கும் குரல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த கே.ஜே. யேசுதாஸுடையது. குருவாயூரில் அந்தக் குரலுக்கு அனுமதி உண்டு, ஆளுக்கு இல்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலோ 2017இல் அவர் எழுதிக் கொடுத்ததை ஏற்று அனுமதி தந்தது. எழுத்தில் கேட்டார், நிர்வாகம் முடிவெடுத்தது, விஷயம் முடிந்தது. கூச்சல் தேவைப்படவில்லை.

எதிர்த்திசையிலும் இந்தச் சோதனை நடக்கிறது. 2018இல் கர்நாடக இசைக் கலைஞர்கள் கிறிஸ்தவப் பாடல் பாடுவதா என்று கிளம்பிய கூச்சலில் ஓ.எஸ். அருண் ஒரு நிகழ்ச்சியிலிருந்து விலகினார். நித்யஸ்ரீ உள்ளிட்ட பலர் வசைக்கு ஆளானார்கள். தியாகராஜரின் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுவது சரியா என்பது நல்ல சங்கீதக் கேள்வி. நமக்கும் அதில் ஐயம் உண்டு. அதற்கு மிரட்டல் பதிலாகாது. திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கத்தோலிக்கரான அவரது பாடல்களை எல்லா மேடைகளிலும் பாடிய சமூகம் இது.

தேசச் சின்னங்களுக்கு வருவோம். ஜாகிர் உசேன் தடுக்கப்பட்ட அதே 2021 டிசம்பரில்தான் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க வேண்டுமா என்ற விவாதமும் சூடாக நடந்தது. எழுந்து நிற்கக் கட்டாயம் இல்லை என்று மதுரைக் கிளை சொன்னது; சில நாட்களில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. நிற்பது மரியாதை, நிற்கட்டும், கலைஞரும் ரசிகரும். அதற்கு மேல் உதடு அசைந்ததா, கண் கலங்கியதா என்று மேடையை உற்றுப் பார்ப்பதுதான் கோளாறு. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாமல் இருந்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளக் குழந்தைகள் மூவரை மீண்டும் சேர்க்க 1986இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது கீதத்தைப் பாடவிடாமல் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தில் குழப்பம் செய்பவரையும்தான். மௌனமாக நிற்பவரை அது தொடுவதே இல்லை.

கடப்பை தர்காவுக்குப் போய்வரும் ஏ.ஆர். ரகுமான்தான் 1997இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு ‘வந்தே மாதரம்’ தொகுப்பைத் தந்தார். 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் குழுவுடன் டில்லி சென்று நாகஸ்வரம் வாசித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. அதே நாட்களில் செங்கோட்டையில் ஷெனாய் வாசித்தவர் பிஸ்மில்லா கான். இவர்களில் யாரிடமும் அன்றைய அரசு தேசபக்திச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மேடையேற்றவில்லை. கலைஞரின் பேரைப் பார்த்துவிட்டு அளவுகோலை நீட்டுவதும் குறைப்பதும் பின்னால் வந்த பழக்கம்.

அறநிலையத் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பழனி தீர்ப்பில் உள்ள உறுதிமொழிப் பதிவேட்டை ஸ்ரீரங்கத்திலும் வைத்து, அதற்கான நடைமுறையைத் தமிழில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். பொறுப்பான அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். கோயில் அடையாள அட்டை இல்லாத எவரும் பக்தர்களை நிறுத்தி மதம் கேட்டால் காவல்துறை அங்கேயே நடவடிக்கை எடுக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் சேரும் முன்பே இதைச் செய்துவிடலாம்; ஒரு சுற்றறிக்கை போதும்.